பெறுநர்: மாடிப்படிக்கு அடியில் உள்ள சாமான் அறை

திரு. எச். பாட்டர்,
மாடிப்படிக்கு அடியில் உள்ள சாமான் அறை,
எண் 4, பிரிவெட் டிரைவ்,
லிட்டில் விங்கிங்,
சர்ரே.

பச்சை மையில் எழுதப்பட்ட இந்த முகவரியில்தான் நான் விழுந்தேன். மந்திரக்கோல், பறக்கும் துடைப்பம், மூன்று தலை நாய் எல்லாம் அப்புறம் வந்தவை. ஹாரி பாட்டர் வரிசையின் முதல் புத்தகத்தில், மூன்றாம் அத்தியாயத்தில், ஹாக்வார்ட்ஸ் என்ற மந்திரப் பள்ளியிலிருந்து ஒரு கனத்த உறை கதவிடுக்கு வழியாக விழுகிறது. அதன் மேல் இந்த ஐந்து வரி. கல்லூரி விடுதியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு படித்தவன், எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அது நடைபாதைக் கடையில் வாங்கிய திருட்டுப் பதிப்பு. நடுவில் பதினாறு பக்கம் இரண்டு தடவை வந்திருந்தது, அதற்கடுத்த பதினாறு பக்கம் வரவே இல்லை. அதெல்லாம் ஒரு குறையாகத் தெரியவில்லை.

மாடிப்படிக்கு அடியில் என்ன இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காலி சிலிண்டர், மோட்டார் சுவிட்ச், சணல் போட்டுக் கட்டிய பழைய பேப்பர், யாரும் ஓட்டாத சைக்கிள். இங்கிலாந்தில், சர்ரே பக்கம் ஒரு நடுத்தர வீட்டில், அந்த மாதிரி இடத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் சிலந்திகளோடு படுத்திருக்கிறான். அப்பா அம்மா இல்லை. வளர்வது அம்மாவின் அக்கா வீட்டில். ஆங்கிலத்தில் 'ஆன்ட்' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது அத்தையாகவும் இருக்கலாம், மாமன் மனைவியாகவும் இருக்கலாம். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. பெட்டூனியா அவனுக்குப் பெரியம்மா. அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு அம்மா இருக்கிறாள்.

கடிதத்தைப் பெரியப்பா வெர்னன் பிடுங்கிக்கொள்கிறார். யாரோ வீட்டை வேவு பார்க்கிறார்கள் என்ற பயத்தில் பையனை மாடியில் ஓர் அறைக்கு மாற்றுகிறார். அடுத்து வரும் கடிதத்தில் முகவரியும் மாறியிருக்கிறது: "மிகச் சிறிய படுக்கையறை." கதவின் தபால் துவாரத்தை ஆணியடித்து மூடினால், பால்காரர் தரும் இரண்டு டஜன் முட்டைக்குள் சுருட்டி வைத்த இருபத்து நான்கு கடிதங்கள் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது என்று மனிதர் சந்தோஷமாக இருக்கும்போது புகைபோக்கி வழியாக முப்பது நாற்பது கொட்டுகின்றன. குடும்பத்தையே காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓடி ஒரு மட்டமான லாட்ஜில் தங்குகிறார். காலையில் வரவேற்பு மேசையில் சுமார் நூறு கடிதங்கள்: "அறை எண் 17, ரயில்வியூ ஹோட்டல், கோக்வொர்த்." கடைசியில் கடலுக்குள் ஒரு பாறை, அதன்மேல் ஓட்டைக் குடிசை, வெளியே புயல். அங்கே நேரில் வந்து கொடுக்கப்படும் உறையில் எழுதியிருப்பது: "தரை, பாறைமேல் குடிசை, கடல்."

தரை. கட்டிலும் சோபாவும் மற்றவர்களுக்குப் போய்விட்டன, பையன் தரையில் படுத்திருக்கிறான், அதுகூடத் தெரிந்த யாரோ எழுதியிருக்கிறார்கள். படுத்திருப்பவனுக்கு அன்று நள்ளிரவில் பதினொரு வயது ஆகிறது, அது அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரும் ராட்சத உருவம் கொண்ட மனிதர் ஹாக்ரிட், வழியில் உட்கார்ந்து நசுக்கிவிட்ட ஒரு சாக்லேட் கேக்கைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கிறார். அதில் இவன் பெயர் எழுதியிருக்கிறது.

இந்தத் தொடர் ஏன் இப்படிப் பிடித்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என் காரணம் இந்த உறைதான். "நீ எங்கே இருக்கிறாய் என்று எங்களுக்குத் தெரியும்" என்று ஒரு குழந்தையிடம் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழு நாவல்களிலும் ஆசிரியர் ஜே.கே. ரோலிங் அதைத்தான் விதவிதமாகச் சொல்லிக்கொண்டே போகிறார் என்று எனக்குத் தோன்றும். போன வருடம் மகளோடு சேர்ந்து ஏழையும் மறுபடி படித்தபோது அது இன்னும் உறுதியானது.

மாயப்பள்ளி என்பதே புதுமை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. உறைவிடப் பள்ளிக் கதை இங்கிலாந்தில் நூற்றைம்பது வருடத்துச் சரக்கு. டாம் பிரவுன் என்ற பையனின் பள்ளி நாட்கள் 1857-இலேயே நாவலாக வந்துவிட்டது. எனிட் பிளைட்டனின் மாலரி டவர்ஸ் 1946-இல் தொடங்கியது. நம் ஊர் ஆங்கில மீடியம் பிள்ளைகள் பார்க்காத பனியையும் சாப்பிடாத ஜிஞ்சர் பீரையும் அந்த மாதிரிப் புத்தகங்களில்தான் தெரிந்துகொண்டார்கள். சூனியக்காரச் சிறுமிகளுக்கான பள்ளியை ஜில் மர்ஃபி 1974-இல் எழுதிவிட்டார். அதற்கும் முன்னால், 1968-இல், உர்சுலா லெ குவின் தன் 'எர்த்சீ' உலகத்தில் ரோக் என்ற தீவில் மந்திரவாதிகளுக்கு ஒரு பள்ளி கட்டினார். எழுத்து என்று பார்த்தால் எனக்கு லெ குவின்தான் பல படி மேல். அவருடைய நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அட்டைப்படம் போட்டவர்கள் பல வருடங்கள் அவனை வெள்ளைக்காரனாகவே வரைந்தார்கள் என்பது தனி வயிற்றெரிச்சல்.

ஆகவே பள்ளியும் மந்திரமும் ஏற்கனவே இருந்தவை. 1997 ஜூன் 26 அன்று ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் முதல் புத்தகத்தைக் கெட்டி அட்டையில் 500 பிரதிதான் அடித்தது. அதற்கு முன் பன்னிரண்டு பதிப்பகங்கள் வேண்டாம் என்று திருப்பியிருந்தன. இன்று மொத்த விற்பனை 60 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. நடுவில் என்ன நடந்தது என்பதற்கு விளம்பரம், சினிமா, இணையம் என்று பதில்கள் உண்டு, எல்லாமே ஓரளவு சரி. ஆனால் முதல் படம் வந்ததே 2001 நவம்பரில். அதற்கு முன்பே நான்கு புத்தகங்களைப் பிள்ளைகள் கையிலிருந்து கைக்கு மாற்றிவிட்டார்கள். 2000-இல் நியூயார்க் டைம்ஸ் தன் விற்பனைப் பட்டியலில் குழந்தைகள் நூல்களுக்கென்று தனிப் பட்டியலே தொடங்க வேண்டியதாகிவிட்டது, இந்தப் புத்தகங்கள் மேல் வரிசையை விட்டு இறங்காததால். பெரியவர்கள் ரயிலில் கூச்சப்படாமல் படிக்க, அதே கதைக்குக் கறுப்பு வெள்ளைப் புகைப்பட அட்டை போட்டுத் தனியாகவும் விற்றார்கள்.

எனக்கு அந்த உறை ஏன் உறைத்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்புக்கு என்னை விடுதியில் சேர்த்தார்கள். எனக்கும் பதினோரு வயதுதான். ஆனால் ஹாரியின் உலகத்தில் கடிதம் கொண்டுவருகிற மாதிரி ஆந்தை ஒன்றும் வரவில்லை. அப்பா ஒரு தகர டிரங்குப் பெட்டி வாங்கி அதில் வெள்ளைப் பெயின்டால் 43 என்று எழுதிக் கொடுத்தார். தட்டிலும் 43, டம்ளரிலும் 43, சலவைக்குப் போகும் சட்டைக் காலரில் சிவப்பு நூலில் 43. மூன்று மாதத்தில் வார்டன் என்னைப் பெயர் சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. சாம்பாரைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை திசை மாறிவிடும். ஹாக்வார்ட்ஸ் பள்ளியின் முதல் நாள் விருந்தை, தங்கத் தட்டில் வறுத்த கோழியும் உருளைக்கிழங்கும் தானாக வந்து நிரம்பும் அந்த இடத்தை, பிற்பாடு படித்தபோது என் வயிறு பதினோரு வயதுக்குப் போய்விட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

அம்மா ஐந்தாவது வரை படித்தவள். வாரம் ஒரு இன்லேண்ட் லெட்டர் போடுவாள். முகவரியில் என் பெயர், வகுப்பு, பள்ளி, ஊர் எல்லாம் எழுதிவிட்டு, மிச்ச இடத்தில் நுணுக்கி நுணுக்கி, "கிணத்துப் பக்கம் உள்ள ஹால், கடைசி வரிசை, ஜன்னல் ஓரக் கட்டில்" என்று எழுதியிருப்பாள். தபால்காரர் கட்டில் வரைக்கும் வந்து கொடுப்பார் என்று நினைத்தாளோ என்னவோ. வார்டன் அதைச் சாப்பாட்டுக் கூடத்தில் உரக்கப் படித்தார். நூற்றுச் சொச்சம் பையன்களும் சிரித்தார்கள். அப்புறம் ஆறு மாதத்துக்கு எனக்கு "ஜன்னல் ஓரம்" என்றே பெயர். தீபாவளி லீவுக்குப் போனபோது, "இனிமே அப்படியெல்லாம் எழுதாதம்மா, 43-ன்னு போட்டா போதும்" என்று எரிந்து விழுந்தேன். அவள் அதற்குப் பிறகு 43 என்றுதான் எழுதினாள்.

அந்த நாற்பத்து மூன்றை மறந்துபோயிருந்த இருபதாவது வயதில், பச்சை மையில் எழுதிய அந்த ஐந்து வரியைப் படித்தேன்.

சரி, கதைக்குத் திரும்புகிறேன். பள்ளிக்குப் போன முதல் இரவே தலையில் ஒரு கிழிந்த தொப்பியைக் கவிழ்க்கிறார்கள். மண்டைக்குள் இருப்பதைப் படித்துவிட்டு, எந்த இல்லத்தில் சேர வேண்டும் என்று அது சொல்கிறது. எந்தக் கவுன்சிலிங்கும் செய்யாத வேலை. ஆனால் அது தன் முடிவைத் திணிப்பதில்லை. ஸ்லிதரின் மட்டும் வேண்டாம் என்று ஹாரி மனதுக்குள் கெஞ்சுவதைக் கேட்டுக்கொள்கிறது. முழுக்கத் தெரிந்துகொண்ட பிறகும் கேட்டுக்கொள்கிற ஆள் எத்தனை பேருக்குக் கிடைக்கிறார்?

எனக்கு மிகவும் பிடித்த பொருள் ஹாரியின் நண்பன் ரான் வீஸ்லி வீட்டுக் கடிகாரம். நான்காம் புத்தகத்தில் விரிவாக வருகிறது. மணி பார்க்க அது லாயக்கில்லை. ஒன்பது தங்க முள்கள், ஒவ்வொன்றிலும் வீட்டில் ஒருவர் பெயர். எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வீடு, பள்ளி, வேலை, பயணம், தொலைந்தார், மருத்துவமனை, சிறை என்று எழுதியிருக்கும். பன்னிரண்டு இருக்க வேண்டிய உச்சியில் 'உயிராபத்து'. ஏழு பிள்ளை பெற்ற ஏழை வீடு. ஒருவர் சட்டை அடுத்தவருக்கு, அடுத்தவர் புத்தகம் அதற்கடுத்தவருக்கு. அந்த வீட்டில் இருக்கும் ஒரே ஆடம்பரம், யார் எங்கே என்று தெரிவதுதான்.

2000-இல் வந்த புத்தகம். கைப்பேசியில் இருப்பிடம் பகிர்வது என்பது அப்போது நம்மில் யாருக்கும் தெரியாது. இப்போது என் மனைவி ராத்திரி ரயிலில் வரும்போது அந்த நீலப் புள்ளி செங்கல்பட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு நான் தூங்காமல் இருக்கிறேன். ரானின் அம்மா மாலி வீஸ்லி இருபது வருடம் முன்பே அதைச் செய்துவிட்டாள்.

ஆறாம் புத்தகத்தில் அந்தக் கடிகாரம் மறுபடி வருகிறது. வெளியே போர் தொடங்கிவிட்டது. ஒன்பது முள்ளும் எந்நேரமும் 'உயிராபத்து' என்பதிலேயே நிற்கின்றன. அதாவது அதனால் இனி ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் மாலி அதைச் சுவரிலிருந்து எடுத்து, துவைத்து மடித்த துணிக் கூடையின் மேல் வைத்து, அறை அறையாகத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். இப்போது எல்லாருக்குமே ஆபத்துதான், நம் வீட்டுக்கு மட்டும் இருக்காது, ஆனால் இந்த மாதிரிக் கடிகாரம் வேறு யாரிடமும் இல்லாததால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை என்கிறாள். திடீரென்று கணவன் பெயர் போட்ட முள் 'பயணம்' என்பதற்குத் தாவுகிறது. வருகிறார் என்று துள்ளிவிடுகிறாள். ஆனால் வந்து கதவைத் தட்டுபவர் உண்மையிலேயே அவர்தானா? உருவம் மாறி யாரும் வரலாம் என்ற காலம். அதனால் அடையாளக் கேள்வி கேட்க வேண்டும் என்று அரசாங்க உத்தரவு. தனியாக இருக்கும்போது உன்னை நான் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கதவுக்கு வெளியே இருந்து கணவர் கேட்கிறார். பிள்ளைகளின் நண்பன் பக்கத்தில் நிற்க, அவள் கூச்சத்தில் முகம் சிவந்து, கதவிடுக்கில் வாய் வைத்து, "மாலிவாபிள்ஸ்" என்கிறாள்.

போர்க் கதையில் இப்படி ஒரு காட்சி வைக்கத் தோன்றுகிறதே, அங்கேதான் ரோலிங்கின் கை தெரிகிறது.

இருப்பிடம் தெரிவதும் ஆளைத் தெரிவதும் ஒன்றில்லை. இரண்டாம் புத்தகத்தில் டாபி என்ற குட்டிப் பணியாள், பெரியம்மா வீட்டுச் சமையலறையில் ஒரு புட்டிங்கை அந்தரத்தில் தூக்கிக் கீழே போட்டு உடைக்கிறான். சில நிமிடத்தில் மந்திர அமைச்சகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம்: இன்று இரவு 9 மணி 12 நிமிடத்துக்கு உங்கள் வீட்டில் மந்திரம் பயன்படுத்தப்பட்டது. நிமிடம் சரி, வீடு சரி. செய்தது யார் என்பது மட்டும் தப்பு. பள்ளியின் கடிதத்துக்கும் அரசாங்கத்தின் கடிதத்துக்கும் உள்ள தூரம் இது. வண்டியை விற்று ஒரு வருடம் கழித்து, நான் போயே இராத ஊரில் தலைக்கவசம் போடாததற்கு என் பெயரில் அபராதச் சீட்டு வாங்கியவன் நான். இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.

இதற்கு நேர் எதிராக ஒரு காட்சி உண்டு. ஐந்தாம் புத்தகத்தில். தொடரிலேயே தடிமனான புத்தகம் அது. பிரிட்டிஷ் பதிப்பில் முதல் புத்தகம் 223 பக்கம் என்றால் இது 766. நூறு பக்கமாவது வெட்டியிருக்கலாம். ஆனால் கிறிஸ்துமஸ் நேரத்து மருத்துவமனைக் காட்சிக்காக மொத்தத்தையும் மன்னிக்கலாம். நெவில் என்ற மந்தமான பையன், எதையும் மறந்துவிடுகிறவன், வகுப்பே கேலி செய்கிறவன், தன் பாட்டியோடு அங்கே வந்திருக்கிறான். நண்பர்கள் தற்செயலாகப் பார்த்துவிடுகிறார்கள். அவன் அப்பா அம்மா இருவரும் சித்திரவதையில் புத்தி பேதலித்து, அவன் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அந்த வார்டில் கிடக்கிறார்கள். அவன் யார் என்று அம்மாவுக்குத் தெரியாது. நரைத்த தலையும் இரவு உடையுமாக மெல்ல நடந்து வந்து, கையை நீட்டி எதையோ தருகிறாள். சூயிங்கம் சுற்றியிருந்த வெறும் காகிதம். நெவில் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்மா" என்கிறான். இந்தக் காகிதங்களை வைத்து உன் அறைச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கலாம், குப்பையில் போடு என்று பாட்டி சொல்லிவிட்டு முன்னால் நடக்கிறாள். அவன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வதை ஹாரி பார்த்துவிடுகிறான்.

அவ்வளவுதான், ஆசிரியர் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார். நான் மகளுக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். தொண்டை அடைத்ததால் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவள் என்னைப் பார்க்காமல், "அப்பா, அவங்களுக்கு இவன் யாருன்னு தெரியாதுல்ல? அப்புறம் எப்படி ஒவ்வொரு தடவையும் இவன்கிட்ட மட்டும் குடுக்கறாங்க?" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லெ குவினின் உலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அது தெரிந்தவருக்கு அந்த ஆள் மேலேயே அதிகாரம் வந்துவிடும் என்பதால் யாரும் வெளியே சொல்வதில்லை. கெட் பெருந்தவறு செய்து, அவமானத்தில் கூனிப்போய் நிற்கும்போது, நண்பன் வெட்ச் வந்து தன் மெய்ப்பெயரை அவனிடம் சொல்லிவிட்டுப் போகிறான். ஆறுதல் வார்த்தை ஏதும் தேவைப்படவில்லை. ரோலிங்கிடம் இவ்வளவு கவித்துவம் கிடையாது. ஆனால் கதை பின்னும் சாமர்த்தியம் உண்டு. முதல் புத்தகத்திலிருந்தே வில்லன் பெயரைச் சொல்ல ஊரே நடுங்குகிறது. ஹாரியும் தலைமையாசிரியரைப் போன்ற சிலரும் மட்டும் 'வோல்டெமார்ட்' என்று பளிச்சென்று சொல்கிறார்கள். அது வீரம் என்று ஆறு புத்தகமாக நாம் பழகிவிட்டோம். ஏழாவதில் எதிரி அந்தப் பெயர் மேலேயே பொறி வைத்துவிடுகிறான்: யார் சொன்னாலும் சொன்ன இடம் காட்டிக்கொடுத்துவிடும், அடுத்த நிமிடம் ஆள் வந்து நிற்கும். பயப்படாமல் பெயர் சொல்கிறவர்களை மட்டும் பிடிக்கும் வலை. நம் காலத்து அரசுகளுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

அதே புத்தகத்தில் ரான் சண்டை போட்டுக்கொண்டு நண்பர்களைக் காட்டில் விட்டுப் போய்விடுகிறான். கோபம் இறங்கியதும் திரும்பலாம் என்றால் இடம் தெரியாது, காவல் மந்திரங்கள் மறைத்துவிட்டன. கிறிஸ்துமஸ் காலையில் அவன் பையில் இருக்கும் விளக்கணைக்கும் கருவியிலிருந்து தோழி ஹெர்மையனியின் குரல் கேட்கிறது. எங்கேயோ ஒரு கூடாரத்தில் அவள் இவன் பெயரைச் சொல்லியிருக்கிறாள். ஒரு ஒளி உருண்டை வந்து நெஞ்சுக்குள் இறங்கி இவனை அங்கே கொண்டுபோய் விடுகிறது. ஒரு பெயர் காட்டிக்கொடுக்கிறது, ஒரு பெயர் வழிகாட்டுகிறது. இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்திருப்பதைத் தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை.

பெயர் என்றதும் மொழிபெயர்ப்பாளர்கள் பட்ட பாடு நினைவுக்கு வருகிறது. டாம் மார்வோலோ ரிடில் என்ற வில்லனின் இயற்பெயரின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'நான்தான் பிரபு வோல்டெமார்ட்' என்று ஆங்கிலத்தில் வரும். பிற மொழிக்காரர்கள் தங்கள் மொழியில் அது வர வேண்டும் என்பதற்காக வில்லனுக்குப் பெயரையே மாற்றினார்கள். பிரெஞ்சில் அவனுடைய நடுப்பெயர் எல்விஸ். உலகத்தையே நடுங்க வைக்கும் இருள் பிரபுவுக்கு எல்விஸ் என்று பெயர் என்றதும் மகள் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள். டேனிஷ் மொழியிலோ முதல் பெயரே ரோமியோ. உயிர்மெய் எழுத்தை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டைத் தமிழில் ஆட முடியுமா என்று நானும் ஒரு ராத்திரி காகிதத்தில் எழுதி எழுதிப் பார்த்துத் தோற்றேன்.

குறை இல்லையா என்றால், நிறைய. குவிடிச் என்ற விளையாட்டின் கணக்கே கோணல்: ஒரு கோலுக்குப் பத்துப் புள்ளி, தங்கப் பந்தைப் பிடித்தால் நூற்றைம்பது, ஆட்டமும் முடிந்தது. மற்ற ஆறு பேர் காற்றில் பறப்பது சும்மா உடற்பயிற்சிக்கு. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு என்று கடைசியில் ஒட்டவைத்த அத்தியாயம் கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கிறது. டாபியின் இனத்தார் கூலியில்லாத அடிமைகள். அதை எதிர்த்து ஹெர்மையனி சங்கம் வைத்தால், பெரும்பாலும் கிண்டலாகவே கடந்துபோகிறார் ஆசிரியர். இது எனக்கு ஒவ்வொரு வாசிப்பிலும் அதிகமாக உறுத்துகிறது. பத்மா, பார்வதி என்ற பட்டீல் இரட்டையருக்குப் பெயர் தவிர இந்தியத்தன்மை ஏதும் கிடையாது. திருநர் பற்றி ரோலிங் 2019 இறுதியிலிருந்து சொல்லிவரும் கருத்துகளால் மனம் விட்டுப்போன வாசகர்கள் ஏராளம். ஹாரியாக நடித்த டேனியல் ராட்கிளிஃபே வெளிப்படையாக மறுத்துப் பேசினார். எனக்கும் அதில் ஆசிரியரோடு ஒட்டவில்லை. எங்கிருக்கிறாய் என்று தெரியும் என்று இவ்வளவு அழகாக எழுதியவருக்கு, யார் நீ என்று எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்க அந்தத் தொப்பிக்கு இருந்த பொறுமை இல்லாமல் போனது ஏன் என்று யோசிப்பேன்.

முழுக்கப் படித்து முடித்த மறுநாள் அம்மாவுக்கு போன் செய்தேன். பேத்தி என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். சுருக்கமாகக் கதை சொன்னேன். மந்திரம் மாயம் எதிலும் அவளுக்கு ஈடுபாடு வரவில்லை. "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். மாடிப்படிக்கு அடியில் படுக்க வைத்தார்கள் என்றதும்தான் நிமிர்ந்தாள்.

"பெரியம்மாகாரியா அப்படிச் செஞ்சா? கூடப் பொறந்தவ பெத்த புள்ளயவா?"

அந்தக் கடிதத்தைப் பற்றியும், முகவரி மாறிக்கொண்டே வந்ததைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"நீ அந்த ஜன்னல்ல மழ பெஞ்சா சாரல் அடிக்குதுன்னு எழுதியிருந்த. கட்டில மாத்திக் குடுத்தாங்களா இல்லியா? அப்புறம் நீ அதப்பத்தி எழுதவே இல்ல."

முப்பது வருடம் ஆகிறது. மாற்றிக் கொடுக்கவில்லை என்று சொன்னேன். டிரங்குப் பெட்டியை ஜன்னல் பக்கம் நிறுத்தி அடைத்துக்கொண்டேன் என்று சொன்னேன்.

"சரி விடு. அந்தப் பையனுக்கு அங்க சோறாவது ஒழுங்காப் போட்டாங்களா?"

பெரியம்மா வீட்டிலா, பள்ளிக்கூடத்திலா என்று கேட்டேன். ரெண்டையும் சொல்லு என்றாள். தங்கத் தட்டிலிருந்து ஆரம்பித்தேன்.